பானை மூடியும் பத்து விரலும்

வாசலூர்பட்டி
4.9.2025

கண்ணாயிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். நீ பஸ் ஏறிய அன்றைக்கே உன் களிப் பானையின் மண் மூடியை உடைத்துவிட்டேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நல்ல பட்டப்பகல். அதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் முக்காலி இருந்தது. அதில் ஏன் உட்காரவில்லை என்று நீ கேட்பாய். மூடிக்கு வலி தெரியாது. எனக்குத் தெரிந்தது.

அதற்காகப் பானையைத் திறந்து போட்டிருக்கிறேன் என்று நினைக்காதே. இழைப்பு மிஷினோடு லாரியில் ஒரு இரும்புத் தகடு உபரியாக வந்ததே, பலாச்சுளை மாதிரி வளைந்து, ஒரு முனையில் முளையோடு? அதைக் கழுவிப் பானைமேல் வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பிடித்துத் தூக்க அந்த முளை. உன் மூடிக்கு இந்த வசதி உண்டா?

போனில் பேசமாட்டேன், கைப்பட எழுதினால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். மூணாவது வரைக்கும் படித்தவனைக் கடுதாசி எழுத வைத்த பெருமை உனக்குத்தான். இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்தாலே எழுதுகிற கை முழுசாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். இடது கைக்குச் சாட்சி யார் என்று நீ கேட்க மறந்துவிட்டாய். நல்லவேளை.

இழைப்பு மிஷினைக் கொட்டகையில் நிலையாக உட்கார வைத்தாயிற்று. நாலு காலில் ஒன்று நொண்டியது. ஓட்டுச்சில்லு கொடுத்துச் சரிசெய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கிறது. நீ பேர் வைத்தபடியே நானும் அதை மூணு பல்லன் என்றுதான் கூப்பிடுகிறேன். முன்னால் ஒரு இரும்பு மேடை, பின்னால் ஒரு மேடை, நடுவில் மூணு கத்தி சொருகிய உருளை. பலகையை முன் மேடையில் வைத்துத் தள்ளினால் பின் மேடைக்குப் போகும்போது கன்னத்தில் வைத்துத் தேய்க்கலாம் போல இருக்கிறது. தோள்பட்டை கழல இழைப்புளி தள்ளிய காலத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பலகையும் முடிகிற இடத்தில், கடைசி நாலு விரல்கடையில், வெடுக்கென்று கீழே விழுந்து ஒரு பள்ளம் வாங்கிக்கொள்கிறது. விரல்கடை என்றது அளவு. உடனே நெஞ்சில் கை வைக்காதே.

மலை வளைவில் ஏறி வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நம் பெண் சங்கீதாவுக்குத்தான் பிரசவத்துக்கு நம் ஊருக்கு வரக் கொடுத்து வைக்கவில்லை. தொட்டிலாவது நம் ஊரிலிருந்து இறங்கி வரட்டும். நம் பலா மரம். வெட்டினால் மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறது. ஆட்டுக்குட்டி நலம். உன்னைத் தேடவில்லை.

இப்படிக்கு
அர்த்தனாரி


நாமக்கல்
9.9.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் உறைமேல் இருந்த எழுத்தைத்தான் பார்த்தேன். உங்கள் கிறுக்கல்தான். அப்புறம்தான் மூச்சு வந்தது.

எனக்குப் போன்மேல் கோபமில்லை. அன்றைக்குச் சங்கீதா கூப்பிட்டபோது வலது கையால் போனைக் காதில் பிடித்துக்கொண்டு, இடது கையால் பலகையைத் தள்ளிக்கொண்டு, "சொல்லு கண்ணு, சொல்லு கண்ணு" என்று சிரித்தீர்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அந்தக் கையைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் போன் செய்து, நீங்கள் எடுக்கப் போய், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் சாமி.

இங்கே சங்கீதா வீட்டுக்கு அடுத்ததே ஒரு மரப் பட்டறை. உங்களிடமிருந்து தப்பி வந்தால் இங்கேயும் அதே சத்தம். ஒரே மாதிரி ஓடினால் பரவாயில்லை. நடுவில் ஒரு தடவை முனகிச் சத்தம் மாறும் பாருங்கள், அவ்வளவுதான். இருக்கமாட்டாமல் போய் வாசலில் நின்று பார்ப்பேன். பட்டறைக்காரர் பேர் பாலசுப்பிரமணியம். "ஏம்மா, தினமும் வந்து நிக்கறீங்க, கட்டில் கிட்டில் செய்யணுமா?" என்றார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றேன். பள்ளம் விழுவதைச் சொன்னேன். பின் மேடை கத்தியை விடத் தாழ்ந்திருக்கிறதாம். கத்தியின் உச்சியும் பின் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டுமாம். முன் மேடை மட்டும்தான் கீழே இருக்கணுமாம், எவ்வளவு சீவ வேண்டுமோ அவ்வளவு.

அப்போதுதான் அவர் மிஷின்மேல் அதைப் பார்த்தேன். பலாச்சுளை மாதிரி வளைந்த தகடு.

"இது என்னங்கண்ணா?" என்றேன்.

"இதுதாம்மா காவல். பலகை வந்தா ஒதுங்கிக்கும். பலகை போனதும் ஸ்பிரிங் இழுத்து, வந்து கத்தி வாயை மூடிக்கும். இது இல்லாம வச்சிருந்தா இப்படித்தான்" என்று வலது கையை நீட்டினார். இரண்டு விரல் பாதியோடு நின்றது.

"எங்கூட்டுல அது களிப் பானை மேல இருக்குதுங்க" என்றேன்.

பட்டறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அது மூடி இல்லை மாமா. உங்கள் விரலுக்குக் காவல் இருக்க வேண்டியது களிக்குக் காவல் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எடுத்து மாட்டுங்கள். பானை கிடக்கட்டும்.

பாலசுப்பிரமணியம் அண்ணன் ஒரு தள்ளுகட்டை செய்து கொடுத்தார். கண்டக்டர் ராசுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பலகையை அதை வைத்துத்தான் தள்ளவேண்டும், உள்ளங்கையால் இல்லை. முழத்துக்குக் குறைந்த துண்டு எதையும் மிஷினில் விடவே கூடாதாம்.

இடது கைக்குச் சாட்சி கேட்க மறக்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு கடிதத்திலும் இடது கையைத் தாள்மேல் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பவும்.

கண்ணாயி


வாசலூர்பட்டி
15.9.2025

கண்ணாயிக்கு,

ராசு பஸ்ஸை நிறுத்தி, தள்ளுகட்டையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "ஏனுங்க அர்த்தனாரி, ஊட்டுல துணி தேய்க்கறதும் நீங்கதானுங்களா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. பார்க்க இஸ்திரிப் பெட்டி மாதிரித்தான் இருக்கிறது. அடியில் பின்பக்கம் ஒரு குதிகால், அது பலகையின் பின்புறத்தைக் கவ்விக்கொள்கிறது. மேலே பிடி. நல்ல வேலைப்பாடு. பாலசுப்பிரமணியத்துக்கு மீதி விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று சொல்.

பின் மேடையைச் சரிசெய்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டுத்தான் செய்தேன், உன்மேல் ஆணை. நேரான சட்டம் ஒன்றைப் பின் மேடையில் படுக்க வைத்து, நுனியைக் கத்திக்கு மேலே நீட்டினேன். பெல்ட்டைப் பிடித்து உருளையை மெல்லச் சுற்றினால், கத்தி வந்து சட்டத்தையே தூக்கியது. மேடை தாழ்வு என்று உன் பட்டறை அண்ணன் சொன்னது சரிதான். திருகைத் தளர்த்தி மேடையைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினேன். கடைசியில் கத்தி உரசியும் உரசாமலும் சட்டத்தைக் கடந்து போயிற்று. நீ கோபமாக இருக்கும்போது என்னைக் கடந்து போவாயே, அதே மாதிரி. மூணு கத்திக்கும், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்த்தேன். இப்போது பள்ளம் இல்லை.

பனி இறங்கினால் மேடையில் துரு பூக்கிறது. தபால் ஆபீஸ் வனிதா ஒரு மெழுகுவத்தி கொடுத்தாள், அதைத் தேய்த்தால் துருவும் இல்லை, பலகையும் வழுக்கிக்கொண்டு போகிறது. பலாப் பிசின் கத்தியில் ஒட்டினால் மண்ணெண்ணெய்த் துணி.

காவல் தகட்டை மாட்டலாம் என்று எடுத்தேன். ஸ்பிரிங் இல்லை. லாரியிலேயே விழுந்திருக்கும். ஸ்பிரிங் இல்லாமல் மாட்டினால் ஒதுங்கின இடத்திலேயே நிற்கிறது, வாயை மூட வருவதில்லை. உன் தம்பி மாதிரி, போனால் போனதுதான். செம்மேட்டில் சந்தையன்று கேட்கிறேன். அதுவரைக்கும் பானைமேலேயே இருக்கட்டும். அதுவும் சும்மா இருப்பதற்குப் பதில் ஒரு வேலை.

நீ பயப்படுகிற அளவுக்கு மூணு பல்லன் ஓடுவதும் இல்லை. ஒரு தூறல் விழுந்தால் கரண்டு போய்விடுகிறது. எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. அந்த நேரத்தில்தான் வாயில் அடைத்த மரச் சுருளையெல்லாம் விரலால் நோண்டி எடுத்துச் சுத்தம் செய்கிறேன். அவன் தூங்கும்போது பல் விளக்கி விடுகிறேன் என்று வைத்துக்கொள்.

கீழே என் இடது கை. எண்ணிக்கொள்.

அர்த்தனாரி


நாமக்கல்
19.9.2025

மாமாவுக்கு,

ஆறு விரல் வரைந்திருந்தீர்கள். சங்கீதா கால் வீக்கத்தோடு படுத்திருந்தவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எது அதிகம் என்று திருப்பித் திருப்பி எண்ணினேன். இதில் விளையாடாதீர்கள்.

கரண்டு போனால் சுவிட்சை அணைக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாலசுப்பிரமணியம் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "பல் விளக்கி விடுகிறேன்" என்ற இடத்தில் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, என் விரலு மிஷின் ஓடறப்ப போகல. கரண்டு போயி நின்னிருந்தப்பதான் போச்சு" என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. மகளை விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. அவள் காலை அமுக்கிவிடும்போது அவள் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "என்னம்மா பண்ற?" என்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் அரப்பளீசுவரர்மேல் ஆணையிட்டு இதைச் செய்யவேண்டும். மிஷின் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, பிளக் பிடுங்கியிருந்தாலும் சரி, கத்திக்குப் பக்கத்தில் கட்டைதான் போகணும். கை போகக்கூடாது. சுருளை எடுப்பதும் கட்டையால்தான். கேலி செய்யுங்கள், ராசுவோடு சேர்ந்து சிரியுங்கள், ஆனால் செய்யுங்கள்.

ஸ்பிரிங் கிடைத்ததா?

கண்ணாயி


வாசலூர்பட்டி
26.9.2025

கண்ணாயிக்கு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான் சொல்லச் சொல்ல வனிதா எழுதுகிறாள். அவள் எழுத்து அழகாக இருக்கிறது, அதனால் எழுதச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

வலது கையில் ஒரு சின்னக் கட்டுப் போட்டிருக்கிறது. செம்மேட்டு ஆஸ்பத்திரியில் போட்டது. விரல் பத்தும் இருக்கிறது. தள்ளுகட்டைக்குத்தான் மூக்குப் போய்விட்டது. நீ சொன்னபடிதான் செய்தேன் என்பதை மட்டும் எழுது என்று வனிதாவிடம் சொன்னேன், அவள் அதற்கு மேல் கேள்வி கேட்கிறாள்.

இடது கையைப் பிடித்து வரைய வலது கை வேண்டும் என்பதால் இந்தத் தடவை படம் இல்லை. சங்கீதா நலமா? தொட்டிலுக்கு நாலு கால் ஆயிற்று.

அர்த்தனாரி

அம்மா, எழுதுகிற வனிதா நான். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானே எண்ணிப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே தெரிவது ஒன்பது நுனிதான். கட்டைவிரல் உள்ளே இருக்கிறது என்கிறார். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.


நாமக்கல்
30.9.2025

மாமாவுக்கு,

நான் வந்ததும் போனதும் உங்களுக்குக் கனவு மாதிரி இருந்திருக்கும். வந்து, உட்காராமல், தண்ணீர் கூடக் குடிக்காமல், உங்கள் கட்டைப் பிரித்து, கட்டைவிரலைப் பார்த்து, திரும்பக் கட்டிவிட்டு, அதே பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தால் இல்லை. வாயைத் திறந்திருந்தால் ஊர் கூடுகிற மாதிரி அழுதிருப்பேன்.

ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்த விரலை ஒரு தடவை இழந்தேன். ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பக்கத்தில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்து, "மோந்து பாருங்க, வாந்தி நிக்கும்" என்றார். எனக்கு வந்தது வாந்தி இல்லை.

நீங்கள் சொல்லாததை ராசு சொன்னான். கரண்டு போயிருக்கிறது. சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய் வந்திருக்கிறீர்கள். வந்து சுருளை நோண்டியிருக்கிறீர்கள், கட்டையால். அப்போது கரண்டு வந்துவிட்டது. கட்டையின் மூக்கைக் கடித்து எறிந்த வேகத்தில் மீதிக் கட்டை வந்து கட்டைவிரல் மேட்டில் அறைந்திருக்கிறது. வீக்கம் மட்டும்தான்.

மூக்குப் போன கட்டையை எடுத்து வந்துவிட்டேன். பாலசுப்பிரமணியம் அண்ணனிடம் கொடுத்தேன். பல் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு யாரும் இதைச் சொல்லலீங்கம்மா" என்றார்.

அடுப்படியில் பானையைப் பார்த்தேன். தகடு இன்னும் அதன் மேலேயே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் கொட்டகைக்குப் போய் மிஷினின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தேன். தேடியிருப்பீர்கள். என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போது மடியில் உறுத்துகிறது.

நாளைக்கு ராசுவிடம் இரண்டு சாமான் வரும். ஒன்று ஸ்பிரிங். இன்னொன்று ஸ்டார்ட்டர், கிணற்று மோட்டாருக்கு இருக்குமே, அந்த மாதிரி. கரண்டு போனால் பட்டன் தானே விழுந்துவிடும். திரும்பக் கரண்டு வந்தாலும் ஆள் போய் அமுக்கினால்தான் ஓடும். தகட்டை மாட்டி, ஸ்டார்ட்டர் வைத்து, இரண்டையும் வனிதா கண்ணால் பார்த்து எனக்கு எழுதவேண்டும். அப்புறம்தான் ஃபியூஸ் மலை ஏறும்.

நீங்கள் நான் சொன்னதைச் செய்தீர்கள். அதை நினைத்து இறங்கும்போது எல்லா வளைவிலும் அழுதேன்.

கண்ணாயி


வாசலூர்பட்டி
10.10.2025

கண்ணாயிக்கு,

இது என் கைதான். எழுத்து கொஞ்சம் கோணல், முன்பும் அப்படித்தான்.

ஃபியூஸ் கட்டை நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. உன் முந்தானை மஞ்சள் ஒட்டியிருந்தது, துடைக்காமல் அப்படியே சொருகினேன். ஆயுத பூஜைக்கு மூணு பல்லனுக்குச் சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் வைத்தேன். ஃபியூஸ் உன் மடியில் இருந்ததால் மூலவர் மாதிரி அசையாமல் இருந்தான். அப்படி நல்லவனாக அவனைப் பார்த்ததே இல்லை.

தகடு மாட்டியாயிற்று. ஸ்பிரிங் நன்றாக இழுக்கிறது. பலகை வந்தால் ஒதுங்குகிறது, போனதும் வந்து மூடிக்கொள்கிறது. ஸ்டார்ட்டரை வனிதா சோதித்தாள். அதற்கு மட்டும் தபால் ஆபீஸ் ஃபியூஸ் கட்டையை இரவல் கொண்டுவந்து, முடிந்ததும் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மிஷினை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அவளே அணைத்துப் போட்டாள். பட்டன் விழுந்தது. திரும்பப் போட்டாள். ஓடவில்லை. இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் ஓடவில்லை. "இப்ப எழுதலாமுங்க" என்றாள். அவள் எழுதினதைப் பார்த்துத்தானே நீ ஃபியூஸைக் கொடுத்தனுப்பினாய்.

ஒன்று சொல்லவேண்டும், ஒரு தடவைதான் சொல்வேன். அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்தபோது கட்டை ஒரு பக்கம் கிடந்தது. விரல்தான் முதலில் போயிற்று, பழக்கம். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உன் கடுதாசி ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டேதான் கையை இழுத்துக் கட்டையை எடுத்தேன். 'இவளுக்குப் பைத்தியம்' என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கரண்டு வந்துவிட்டது. அப்புறம் கொட்டகைக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். ஆட்டுக்குட்டி வந்து சட்டையை மென்றது. மெல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேத்தி பிறந்த சேதியை மாப்பிள்ளை போனில் சொன்னார். அப்போது மிஷின் அணைந்திருந்தது, போன் இடது கையில் இருந்தது, வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எழுதி வைத்துக்கொள். குழந்தைக்குக் கையிலும் காலிலும் சேர்த்து இருபது என்று நீ எண்ணியதாகவும் சொன்னார். எனக்குத் தெரியும் எண்ணுவாய் என்று.

தொட்டில் முடிந்துவிட்டது. நீளச் சட்டமெல்லாம் மூணு பல்லன் இழைத்தது. கிராதிக் குச்சி எல்லாம் முழத்துக்குக் குறைவு, அதனால் பழைய இழைப்புளியாலேயே கையால் இழைத்தேன். தோள்பட்டை வலிக்கிறது. வலிக்கிற தோள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ராசு பஸ்ஸின் மேலே கட்டி எடுத்து வருகிறேன் என்கிறான்.

கீழே என் இடது கை. ஐந்துதான். ஆறாவதாகத் தெரிவது வாட்ச் கட்டின இடம்.

தகடு மிஷினுக்குப் போய்விட்டதால் பானைக்கு மூடி இல்லை. நேற்று மத்தியானம் ஆட்டுக்குட்டி களிக்காகப் பானைக்குள் தலையை விட்டது. தலை உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. பானையோடு எழுந்து கொட்டகைக்குள் ஓடி மிஷின்மேல் முட்டியது. மிஷின் அணைந்துதான் இருந்தது. தகடு ஒதுங்கி, திரும்ப வந்து மூடிக்கொண்டது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை, தலை வெளியே வந்துவிட்டது. பானை உன் பிறந்த வீட்டுப் பானை.

அர்த்தனாரி